சிந்துஜா இறக்கிய தெப்பம்

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்கு எதிர்ச்சந்தில் டிபன் கடை வைத்திருக்கும் பொன்னியிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் கிடையாது. சாம்பார் காரம் என்று முகம் சுளித்த வெள்ளைக்காரரையே, "சாமி பாக்க வந்தியா, சாம்பார் பாக்க வந்தியா?" என்று கேட்டவள். புருஷன் போன பிறகு அந்த வாயையும் தோசைக்கல்லையும் வைத்துத்தான் மகள் சிந்துஜாவை இன்ஜினியராக்கினாள்.

மகளோ நார்வே பக்கம் கப்பலேறிவிட்டாள். கடலில் மிதக்கும் காற்றாலைகளுக்கான பீடங்களைக் கொண்டுபோய், அவற்றை நிறுத்துகிற கப்பலிடம் ஒப்படைக்கும் வேலை. "பொம்பளப் புள்ளைக்குக் கடல்ல என்னாடி வேல? திரும்பி வா" என்று பொன்னி நச்சரிக்காத நாளில்லை. கடைசியில் சிந்துஜா சொன்னாள்: "நாளைக்கு எங்க வேலய நேரலையில காட்றாங்க. ஒருவாட்டி பாரும்மா. அப்பவும் வான்னு சொன்னா வந்துடறேன்."

மறுநாள் பொன்னி இட்லிப் பானையை இறக்கிவிட்டு, போனும் கையுமாக உட்கார்ந்தாள். கப்பலின் முதுகில் மூன்று கால் இரும்புப் பீடம். ராஜகோபுரத்தில் பாதி உயரமாவது இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியது.

"ஐயோ, கப்பல் முழுவுதே! எம் புள்ள போச்சே!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் வளவன் எச்சில் கையோடு ஓடிவந்தார். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி ஏற்றி அவருக்கு இங்கிலீஷ் அத்துப்படி. "சும்மா இருங்கக்கா. அவங்களேதான் கப்பல் வயித்துல தண்ணி ரொப்பி முழுக்கறாங்க. ரொப்புறதே நம்ம சிந்துஜாதானாம். ஒரு பக்கம் ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மின்னா சாஞ்சிடுமாம்."

கப்பலின் தளம் முழுசாக மறைந்தது. பீடம் ஒருமுறை ஆடியது. அப்புறம் பாருங்கள், அவ்வளவு பெரிய இரும்பு, அய்யங்குளத்துத் தெப்பம் மாதிரி அலுங்காமல் மிதந்து நின்றது! இழுவைப் படகுகள் வடம் பிடித்து, எதிரே காத்திருந்த கப்பலிடம் அதை நகர்த்திக் கொண்டுபோயின.

பொன்னியின் கைகள் தன்னால் குவிந்தன. "அண்ணாமலையாரே..." அவள் வாயடைத்துப் போனதை வளவன் அன்றைக்குத்தான் பார்த்தார்.

சாயங்காலம் சிந்துஜா கூப்பிட்டாள். "பாத்தியாம்மா? சொல்லு, வந்துடட்டுமா?"

"இன்னும் எத்தினி தெப்பம் இருக்கு?"

"நெறைய இருக்கும்மா. ஏன்?"

"தேரு நெலைக்கு வர்றதுக்குள்ள வடத்த வுட்டுட்டு யாராச்சும் வருவாங்களாடி? எல்லாத்தையும் நெலை சேத்துட்டு வா."