நைனாவுக்குச் சித்தப்பா கொள்ளி வைத்தது எதற்காக

எங்கள் நைனா செஞ்சிப் பக்கம் வல்லத்துக்கு அடுத்த சின்ன ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்து, தம்பியை, அதாவது என் சித்தப்பாவை, தூக்கி வளர்த்தார். நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நைனாவுக்கு யாரையும் சந்தேகப்படத் தெரியாது. அவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தபோது ஊரில் நிலம் அளக்க வந்தார்கள். "வரி கட்ட ஊர்ல இருக்கிறவன் அவன்தான, தம்பி பேர்லயே எழுதிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தாத்தா விட்டுப்போன, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் நிலம் முழுதும் அப்படித்தான் சித்தப்பா பெயரில் பட்டா ஆனது. பிறகு தன் பாதியைக் கேட்டார், கிடைக்கவில்லை. செஞ்சி கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

வாய்தாவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள், பேச்சு கிடையாது. ஒருநாள் நைனா தூங்கிவிட, சித்தப்பா கண்டக்டரிடம், "அந்தாள எழுப்பிவுடுப்பா, கேஸு போட்டவரே தூங்குறாரு" என்றாராம். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் நைனா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அம்மாவையும் என்னையும் பக்கத்தில் அழைத்தார். "எனக்குத் தம்பி கொள்ளி வெக்கட்டும். கேஸ மட்டும் வுட்றாதீங்க" என்றார். மறுநாள் போய்விட்டார்.

நான் ஒரே பெண். எங்கள் வழக்கப்படி கொள்ளி வைக்கப் பங்காளிதான் வரவேண்டும். சாவு வீட்டிலேயே ஒரு அத்தை என் காதைக் கடித்தார்: "கொள்ளி வெச்சவன்தான் வாரிசுன்னு நாளைக்கு கோர்ட்டுல நிப்பான்டி." உடனே வக்கீலுக்குப் போன் போட்டேன். "கொள்ளிக்கும் சொத்துக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீயும் அம்மாவும்தான் வாரிசு" என்றார். அப்படியும் மனம் கேட்கவில்லை. நைனாவைப் பாடையில் வைக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத்தாளோடு சித்தப்பாவிடம் போனேன்.

"சித்தப்பா, கொள்ளி வெக்கிறதால நெலத்துல உரிமை கேக்கமாட்டேன்னு எழுதிக் குடு."

"எங்கண்ணன் வாசல்ல கெடக்குறான், நீ கையெழுத்து கேக்குறியா? உங்கப்பன் அன்னிக்கு ஒரு கையெழுத்து கேக்காம, என்ன நம்பி என் பேர்ல எழுதச் சொன்னான். நீ இன்னாடான்னா தாளத் தூக்கினு வர."

"எனக்கு பயமா இருக்குது சித்தப்பா."

"பயந்துனே இரு. எழுதித் தரமாட்டேன். கொள்ளி வெக்க வந்தேன், வெச்சிட்டுப் போறேன்."

பெண்கள் நாங்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டோம். மயானத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சித்தப்பா தலையை மழித்து, ஈரவேட்டியோடு வந்து விளக்கைக் கும்பிட்டார். அழுதிருந்தார். அதைப் பார்த்தும் என் பயம் போகவில்லை, அவரிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வாய்தாவில் நைனா இடத்தில் நானும் அம்மாவும் நிற்கவேண்டும். ஜட்ஜ் ஏதாவது கேட்டால் எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியவருக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டாருக்கும், வக்கீல் ஐயாவுக்கும், அண்ணனை வழியனுப்பிய சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நைனா சொன்னதற்காகத்தான் சித்தப்பா கொள்ளி வைத்தார், நிலத்துக்காக அல்ல. இந்தத் தாளை எல்லோர் கையிலும் கொடுத்திருக்கிறேன், சித்தப்பா கையிலும். படித்துவிட்டுப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். என்றாவது யாராவது மாற்றிப் பேசினால், நீங்கள்தான் எனக்குச் சாட்சி.

மகள்