அக்கா குடித்த அரை உண்மை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மலேசியாவில் கிள்ளான் பக்கம் மேருவில் இருக்கும் என் பெரியப்பா மகள் ரெஜினா அக்கா வீட்டுக்குப் போனேன். நல்லவேளை, போனேன்!

அக்காவுக்குச் சில ஆண்டுகளாகப் பார்கின்சன்ஸ் நோய். கை நடுங்கும்; நடை தளரும். ஆனாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சர்ச்சில் கொயருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அன்று நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. முகம் விறைத்திருந்தது. பேச்சு குழறியது.

“என்ன அத்தான் இது?”

“டேப்லட்ட நிறுத்திட்டோம் லா,” என்றார் அவர் கணவர் டேவிட். “பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு ஹெல்த் டாக் கூட்டம், அதுல ஒரு பேச்சாளர் சொன்னாரு. மூளையில ஒரு புரோட்டீன் தீ வைக்குதாம். டிஎன்எஃப்னு பேரு. அங்க வித்த ஜூஸ் அத அணைச்சிடுமாம். டேப்லட் சேர்ந்தா ஜூஸ் வேலை செய்யாதாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவைக் காரில் ஏற்றிக் கிள்ளான் மருத்துவமனைக்கு ஓடினோம்.

“இந்த மருந்தத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து அங்கிள்!” என்று டாக்டரம்மா வெடித்தார். பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னார்: “அந்தப் புரோட்டீன் இருக்கிறது உண்மைதான். அடிபட்டா, கிருமி வந்தா, உதவிக்கு ஆள் கூப்பிடுற சிக்னல் அது. மூளையில அந்தக் கூப்பாடு ஓயாம இருந்தா நரம்பு செல்லுங்க கெடலாம்னு ஆராய்ச்சி நடக்குது. ஆனா அதே சிக்னல் நமக்குத் தேவையும்கூட. ஜூஸ் குடிச்சு அணைக்கிற சமாச்சாரம் இல்ல.”

“ஸ்லைடெல்லாம் போட்டுக் காட்டினானே…” அத்தான் தலை கவிழ்ந்தார்.

பார்த்தீர்களா? முழுப் பொய்யாக இருந்திருந்தால் அத்தான் சிரித்துவிட்டு எழுந்து வந்திருப்பார். ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னும் கேள்வியாக இருப்பதை, மேடையில் பதிலாக்கி விற்கிறார்கள்! வாங்குவது யார்? வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு, ஏதாவது வழி பிறக்காதா என்று தவிப்பவர்கள். அவர்களிடமா இந்த விளையாட்டு?

மாத்திரை மறுபடி ஆரம்பித்தது. அக்கா மெல்ல மெல்லத் தேறினார். வார்டில் எழுந்து உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் அத்தானின் போன் அடித்தது. அந்தப் பேச்சாளரேதான்! ஜூஸின் மகிமையைப் பற்றி அடுத்த கூட்டத்தில் அக்கா நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

நான் போனைப் பிடுங்கப் போனேன். அக்கா கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“கண்டிப்பா வரேன் தம்பி. உங்க ஜூஸக் குடிச்சிட்டு, எழுந்து நிக்க முடியாம, வாய் குழறிக் கிடந்தேன் பாருங்க… அத மைக்ல சொல்றேன். எப்ப வரணும்?”

லைன் கட்டாகிவிட்டது.

அதன்பின் அழைப்பே இல்லை. அக்கா புடவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்… கூட்டம் எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்!