வெள்ளை என்று சொன்னேன்

எங்கள் டிராக்டர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தது. கேரள எல்லையோரம், பாறசாலைக்கு வடக்கே ரப்பரும் மரச்சீனிக் கிழங்கும் மாறி மாறி வரும் மேட்டில் எங்கள் வீடு. அப்பா அந்த டிராக்டரை வைத்துத்தான் கேரளத்து வயலும் தமிழ்நாட்டு வயலும் உழுதுகொடுத்தார். அதற்கு ஹார்ன் கிடையாது, சீட்டில் பாதிக்குப் பஞ்சு கிடையாது, வீம்புக்கு மட்டும் குறைவில்லை. அம்மா அதை 'மூத்தவன்' என்றுதான் சொல்வாள். வீட்டில் நான் ஒற்றைப் பெண். மூத்தவனுக்குக் கிடைத்த கவனிப்பில் பாதிகூட எனக்கு இல்லை என்று எனக்கொரு மனத்தாங்கல் உண்டு.

ஐந்தாம் வகுப்பில் அந்தக் குறை தீர்ந்தது. திடீரென்று அப்பா தினமும் காலையில் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். முந்தின நாள் டிராக்டருக்கு அடியில் விரித்துவைத்த பழைய செய்தித்தாளை நான் வெளியே இழுத்து, எங்கெங்கே ஆயில் சொட்டியிருக்கிறது என்று காட்ட வேண்டும். அப்பா ஒவ்வொரு சொட்டையும் விரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோவார். "இது கியர் ஆயில். இது இஞ்சின் ஆயில். இது வெறும் டீசல்." ஒருநாளும் தப்பியதில்லை. ஆயிலை மோந்தே பெயர் சொல்லும் அப்பா வேறு யாருக்கு உண்டு என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்து, இஞ்சினுக்குள் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கம்பியை உருவி என்னிடம் நீட்டுவார். அதில் மேல்கோடு ஒன்று, கீழ்க்கோடு ஒன்று. ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நான் சொல்வேன். கடைசியில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, பாசமாக என்னிடம் கேட்பார்.

"புகை என்ன நிறம் மக்களே?"

கறுப்பு என்றால் காற்று வடிகட்டியைத் தட்டித் துடைப்பார். வெள்ளை என்றால் குளிர்ச்சி, சூடானதும் சரியாகிவிடும் என்று சிரிப்பார். நீலம் என்றால் பேச்சு நின்றுவிடும். நீலப் புகை வந்து, கீழே சொட்டாமல் ஆயில் குறைகிறதென்றால் அது உள்ளே எரிகிறது என்று அர்த்தம். இஞ்சினை மொத்தமாகப் பிரிக்க வேண்டும், அதற்குக் காசு வேண்டும். ஞாயிறு முழுக்க நாங்கள் சபையில் ஜெபத்தில் இருக்க, வண்டி ஓய்ந்து கிடந்துவிட்டுத் திங்கட்கிழமை எழும்பும்போது நீலம் இன்னும் அடர்த்தியாக வரும். திங்கட்கிழமைகளில் அப்பா காலைச் சாப்பாட்டைத் தொடமாட்டார். முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தை எனக்குப் பார்க்கவே பிடிக்காது.

விதைப்புக் காலம் வந்தது. ஏலா என்று நாங்கள் சொல்லும் பெரிய வயல்வெளி முழுவதையும் உழும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. இந்தமுறையும் வண்டி நடுவில் நின்றால் அடுத்த ஆண்டு முதல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக வயல்காரர்கள் சொல்லியிருந்தார்கள். உழவு தொடங்கிய திங்கட்கிழமை புகை நீலமாக, தெளிவாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் வந்தது.

"வெள்ளை" என்றேன்.

அப்பா மூக்கைச் சுருக்கினார். "மணம் வேற மாதிரி அடிக்குதே. நல்லா பாத்தியா?"

"வெள்ளைதான் அப்பா."

"நீ சொன்னா செரி" என்று உள்ளே போய் ஆறு இட்லி சாப்பிட்டார். எனக்கு ஏதோ சாதித்துவிட்ட சந்தோஷம். அந்த வாரம் முழுவதும் வெள்ளை என்றேன். ஒரு பொய்க்கு இன்னொன்று துணைக்கு வேண்டுமே, கம்பியில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியபோது மேல்கோட்டில் நிற்பதாகச் சொன்னேன். ஆயில் ஊற்றாமலே அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டு வரும் வழியில் ஏலாவில் கூட்டம் தெரிந்தது. பாதி உழுத வயலின் நடுவில் டிராக்டர் அசையாமல் நின்றது. நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த மெக்கானிக் கம்பியை உருவிப் பார்த்தார். அதன் நுனியில் ஈரம்கூட இல்லை.

"இஞ்சின் இறுகிப் பிடிச்சுப் போச்சு அண்ணாச்சி. இனி ஒண்ணும் செய்யான் பற்றில்ல, முடியாது. எத்தற நாளா நீலப் புகை தள்ளியிருக்கும்! நீங்க கண்டில்லியா?"

வரப்பில் நின்ற நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"கண்டேன் டே" என்றார் அப்பா. "எனக்கு வெள்ளைன்னுதான் தோணிச்சு."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அடி விழாமல் என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று சாயங்காலம் மரச்சீனியை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அப்பா சாப்பிடவில்லை. மூத்தவனைப் பழைய இரும்புக்குத் தூக்கிக்கொண்டு போன நாளிலும் அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவரை யாரும் உழக் கூப்பிடவில்லை, அவரும் போய்க் கேட்கவில்லை.

மறுவருஷம் முற்றத்தில் கிடந்த மண்வெட்டி தடுக்கி விழுந்தார். அம்மா பிடிவாதமாக அவரைத் தம்பானூர் பஸ்ஸில் ஏற்றி நகரத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர் அப்பாவின் கண்ணுக்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார்.

"சர்க்கரை கண்ணுல இறங்கி ரெண்டு மூணு வருஷம் ஆயிட்டுண்டு. இனி ஒண்ணும் செய்யான் பற்றில்ல. இத்தற நாளும் வீட்டுல ஆரும் கண்டில்லியா?"

அம்மா அழுதாள். கண் தெரியாதவனுக்கு யார் வயலை உழக் கொடுப்பார்கள்? அதனால் அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறார். நான் விரல்விட்டு எண்ணினேன். செய்தித்தாள், கம்பி, புகை எல்லாம் அந்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் அடங்கிவிட்டன.

அந்தத் திங்கட்கிழமை நீலம் அவருடைய மூக்குக்கு எட்டிவிட்டது. மூக்கை விட்டுவிட்டு அவர் என் கண்ணை நம்பினார். அவருக்கு மிச்சமிருந்த கண் அதுதான் என்று எனக்கு அன்று தெரியவில்லை.