இரண்டு றவுட்டருக்கு நடுவிலை ஒரு பயந்தாங்கொள்ளி

நெற்வேர்க் வேலையிலை பயம் இல்லாத ஆள் எண்டால், ஒண்டில் நேற்றுச் சேர்ந்தவராய் இருக்கோணும், இல்லாட்டி நாளைக்கு வேலையை விட்டு நிக்கப்போறவராய் இருக்கோணும். நான் ஆறு வருஷமாப் பயந்துகொண்டுதான் இருக்கிறன். சாப்பிடேக்கை போன் அடிச்சால் சோத்துக்கை கை அப்பிடியே நிண்டுபோற என்ரை சகோதரங்களே, இது உங்களுக்குத்தான்.

முதல்லை விஷயத்தைச் சொல்லிப்போடுறன். பருத்தித்துறையிலை ஒரு தனியார் மருத்துவ நிலையம். ஸ்கான் மெசின் அங்கை இருக்கு. படத்தைப் பார்த்துச் சொல்லுற டொக்டர் யாழ்ப்பாணத்திலை, அவையின்ரை மற்றக் கட்டிடத்திலை இருக்கிறார். படம் இன்ரர்நெற்றாலைதான் போகோணும், ஆனா நோயாளியின்ரை தலைக்குள்ளை இருக்கிறதை ஊருக்குக் காட்ட ஏலாது. அதாலை இரண்டு பக்கமும் வழிகாட்டுற பெட்டியா ஒவ்வொரு றவுட்டர் வைச்சு, நடுவிலை பூட்டுப்போட்ட குழாய் மாதிரி ஒரு பாதை விட்டிருக்கிறம். டனல் எண்டு சொல்லுவம். அதுக்குள்ளாலை இரண்டு றவுட்டரும் "என்னட்டை இந்த இடத்துக்கு வழி இருக்கு, உன்னட்டை எதுக்கு இருக்கு" எண்டு ஓயாமல் கதைச்சுக்கொண்டே இருக்கும். கதை நிண்டால் வழி இல்லை. வழி இல்லாட்டிப் படம் இல்லை. படம் இல்லாட்டி, பருத்தித்துறையிலை கட்டில்லை கிடக்கிற ஆளை என்ன செய்யிறதெண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. நான் ஒரு கட்டளை அடிக்கிற ஒவ்வொரு தரமும் அந்தக் கட்டில்தான் கண்ணுக்கு முன்னாலை வரும்.

ஹலோ போகுது, படம் போகேல்லை

டனல் போட்ட முதல் கிழமை. அங்கை ஸ்கான் எடுக்கிற கிறேஸ் அக்கா போன் எடுத்தா. மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்ச ஆள், சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாது, அதாலையே எனக்கு அவவிலை பயம். "தங்கச்சி, படம் போகுதில்லை" எண்டா. நான் பார்த்தன். டனல் எழும்பித்தான் நிக்குது. பிங் எண்டு ஒரு சின்னச் செய்தி தட்டிப் பார்த்தால் பதில் வருது. இரண்டு றவுட்டரும் ஆளுக்காள் ஹலோ சொல்லுது, ஆனா அதுக்கு அங்காலை ஒரு அடி நகருதில்லை. யாழ்ப்பாணத்துக் கட்டிடத்திலை, டொக்டரின்ரை அறைக்குப் பக்கத்திலை இருக்கிற எங்கடை கந்தோரிலை, எனக்கு மேலை யோகன் அண்ணை இருக்கிறார். அவர் வந்து பார்த்திட்டு, பிங் போகுதுதானே, எல்லாம் சரி எண்டு சொல்லிப்போட்டுப் போனார். சரி எண்டால் ஏன் படம் போகேல்லை எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை.

இரண்டு நாளாய்ச் சோறு தண்ணி இறங்கேல்லை. பிறகுதான் பிடிபட்டுது. டனலுக்குள்ளை போற ஒவ்வொரு தகவல் பொதிக்கும் பூட்டுப்போட்டு ஒரு உறை சுத்துறம் எல்லோ, அந்த உறையோடை பொதி பெருத்துப்போகுது. ஹலோ சின்னப் பொதி, அது போகும். வழி விபரமும் படமும் பெரிய பொதி, நடுவிலை சிக்கி விழும். பொதியின்ரை அளவை இரண்டு பக்கமும் குறைச்சு விட்டன், படம் பறந்து போச்சுது. கிறேஸ் அக்காவுக்கு இதை விளங்கப்படுத்தினன். கேட்டிட்டுச் சொன்னா: "அப்ப உங்கடை டனல் எங்கடை குசினிக் கதவு மாதிரி, தங்கச்சி. ஆள் போகலாம், அண்டா போகாது."

மணித்தியாலத்துக்கு ஒருக்கா

பிறகு ஒரு புதுக் கரைச்சல். மணித்தியாலத்துக்கு ஒருக்கா, மணிக்கூடு வைச்சமாதிரி, லைன் அரை நிமிஷம் செத்து எழும்பும். ஆரோ உள்ளுக்கை பூந்திட்டாங்கள் எண்டு நினைச்சன். கதவைச் சாத்திப்போட்டு, ஒவ்வொரு வரியாய் றவுட்டர் எழுதிவைச்ச குறிப்புகளை வாசிச்சன். கள்ளனும் இல்லை, ஒருத்தனும் இல்லை. டனலின்ரை பூட்டுக்கு இடைக்கிடை திறப்பு, அதுதான் சாவி, மாத்தோணும். ஒரு பக்கம் ஒரு மணித்தியாலம் எண்டு கிடக்குது, மற்றப் பக்கம் எட்டு மணித்தியாலம் எண்டு கிடக்குது. ஒருத்தன் திறப்பை மாத்த, மற்றவன் பழைய திறப்போடை நிக்கிறான்.

இரண்டையும் ஒண்டாக்கிப்போட்டு, யாழ்ப்பாணத்து டொக்டரிட்டைப் போய்ச் சொன்னன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "மிஸ், அந்த அரை நிமிஷத்திலை நான் தேத்தண்ணி குடிக்கப் பழகிட்டன். இப்ப அதையும் கெடுத்துப்போட்டியள்."

குழாயின்ரை வாய் எங்கை

இதை எழுதவே வெக்கமாக் கிடக்கு. இரண்டு பக்கத்திலையும் இருக்கிற எல்லா வழியையும் றவுட்டர்கள் தங்களுக்குள்ளை சொல்லிக்கொள்ளட்டும் எண்டு நான் தாராளமாத் திறந்துவிட்டன். டனல் எழும்பிச்சுது. கொஞ்ச நேரத்திலை விழுந்துது. திருப்பி எழும்பிச்சுது, திருப்பி விழுந்துது. அண்டைக்கு அங்கை ஸ்கானுக்கு ஆக்கள் வரிசையா இருக்கினம்.

என்ன நடந்ததெண்டால், டனலின்ரை மற்ற நுனிக்குப் போறதுக்கு, டனலுக்குள்ளாலையே ஒரு நல்ல வழி இருக்கெண்டு றவுட்டர் கேள்விப்பட்டிட்டுது. உடனை வெளி வழியை விட்டிட்டு அதாலை போகப் பார்க்குது. குழாயின்ரை வாய்க்குப் போகக் குழாய்க்குள்ளாலை போகேலுமோ? விழுந்துபோகும். விழுந்தால் அந்த வழி மறந்துபோகும், மறந்தால் திருப்பி எழும்பும், எழும்பினால் திருப்பிக் கேள்விப்படும். யோகன் அண்ணை எனக்குப் பின்னாலை நிண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த ஒரு வழியை மட்டும் சொல்லாதை எண்டு றவுட்டரிலை எழுதச் சொல்லிப்போட்டு, போற போக்கிலை சொன்னார்: "துளசி, வீட்டுத் திறப்பை வீட்டுக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டு, வெளியிலை நிண்டு பெல் அடிக்கிறாய்."

நானே என்னை மறிச்சன்

தூர இருக்கிற றவுட்டரை இங்கையிருந்து தொடுறதைவிடப் பயம் வேறை இல்லை. ஆர் வரலாம் ஆர் வரக்கூடாது எண்டு பருத்தித்துறை றவுட்டரிலை ஒரு பட்டியல் எழுதினன். "எல்லாரையும் மறி" எண்டதை முதல் வரியிலை போட்டன். "என்னை விடு" எண்டது இரண்டாவது வரி. இரண்டாவது வரியை அடிக்க முதலே திரை விறைச்சுப்போச்சுது. பிறகென்ன, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினன். பாதி வழியிலை வாற வல்லைவெளியிலை காத்து ஆளைத் தூக்குது, நான் வேகத்தைக் குறைக்கேல்லை. இப்ப ஆர் வந்திருப்பினம், எந்தப் படம் நிக்குது எண்டுதான் வழி முழுக்க மனசுக்குள்ளை ஓட்டம்.

றவுட்டர் பெட்டி நோயாளியள் இருக்கிற வாங்குக்குப் பக்கத்திலைதான். முழங்காலிலை இருந்து வயரைக் கொழுவ, கை ஒத்துழைக்குதில்லை. கை முறிஞ்ச மகனோடை இருந்த ஒரு அம்மா கேட்டா, "பிள்ளை, நீங்கள் டொக்டரோ?" இல்லை அம்மா, நான் லைன் பாக்கிற ஆள் எண்டன். அவ என்ரை விரலையே பார்த்தா. "அப்ப ஏன் பிள்ளை உங்களுக்குக் கை நடுங்குது?"

பத்து நிமிஷம்

எங்கடை ஆக்களிட்டை ஒரு வழக்கம் இருக்கு. தூர இருக்கிற றவுட்டரிலை கை வைக்க முதல், "பத்து நிமிஷத்திலை நீயே நிண்டு திருப்பி எழும்பு" எண்டு அதுக்குச் சொல்லிவைப்பம். நான் எதையும் பிழையா அடிச்சு வெளியிலை மாட்டுப்பட்டால், பத்து நிமிஷத்திலை அது எழும்பிப் பழைய நிலைக்கு வந்திடும். எல்லாம் சரியெண்டால், சொன்னதை வேண்டாமெண்டு நிப்பாட்டிப்போட்டு, புதுசைச் சேமிக்கோணும். ஸ்கூட்டி ஓட்டத்துக்குப் பிறகு நான் இதைச் செய்யாமல் ஒரு புள்ளிகூட அடிக்கிறதில்லை.

அண்டைக்கு மத்தியானம். றவுட்டர்கள் எத்தினை செக்கனுக்கு ஒருக்கா ஹலோ சொல்லுறதெண்டதைக் குறைக்க இருந்தன், லைன் விழுந்தால் கெதியாத் தெரியவரும் எண்டு. இரண்டு பக்கமும் ஒரே இலக்கம் இருக்கோணும், இல்லாட்டி ஒண்டோடை ஒண்டு கதைக்காது. கிறேஸ் அக்காவைக் கேட்டன். "இப்ப ஒருத்தரும் இல்லை, சாப்பாட்டு நேரம், செய்யுங்கோ" எண்டா. பத்து நிமிஷம் சொல்லிவைச்சன். அங்கத்தை இலக்கத்தை மாத்தினன், இங்கத்தையையும் மாத்தி இங்கத்தையைச் சேமிச்சன். மூண்டு நிமிஷத்திலை, லைன் நிலை காட்டுற திரையிலை எல்லாம் பச்சை. அப்பாடா எண்டு எழும்பி, ஒரு றோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு வந்து இருந்தன். இருந்தவள் இருந்தவள்தான். பருத்தித்துறை றவுட்டருக்கு வேண்டாமெண்டு சொல்லவும், அங்கத்தையைச் சேமிக்கவும் மறந்துபோனன்.

அந்த நேரத்துக்குள்ளை அங்கை ஒரு ஆளைக் கொண்டுவந்திட்டினம். கரையிலை வள்ளம் இழுக்கேக்கை கயிறு அறுந்து, பின்பக்கமா விழுந்து தலை அடிபட்ட ஒரு இளம் ஆள். கிறேஸ் அக்கா படம் எடுத்து அனுப்பத் தொடங்கினா. படம் பாதி வழியிலை, பத்தாவது நிமிஷம். றவுட்டர் நான் சொன்னமாதிரியே நிண்டுது.

டொக்டர் போன் எடுத்தார். "மிஸ், பாதித் தலைதான் வந்திருக்கு." றவுட்டர் எழும்ப அஞ்சு நிமிஷம். எழும்பினது பழைய இலக்கத்தோடை, இங்கை புது இலக்கம். இரண்டும் ஒண்டையொண்டு தெரியாத ஆக்கள் மாதிரி நிக்குது. பருத்தித்துறைக்குள்ளை பூந்து மாத்திவிடுவம் எண்டு கடவுச்சொல்லை அடிச்சன், பிழை. திருப்பி அடிச்சன், பிழை. மூண்டாந்தரம் அது என்னைக் கொஞ்ச நேரத்துக்கு வெளியிலை விட்டுப் பூட்டிப்போட்டுது. கும்பிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு இருந்தன், உண்மையாத்தான், கையைக் கூப்பினபடி. கனநேரத்துக்குப் பிறகுதான் புத்தி வந்தது: அங்கை ஏன் போகோணும்? எனக்கு முன்னாலை இருக்கிற இந்தப் பக்கத்து இலக்கத்தைப் பழையபடி ஆக்கினால் போதும். அரை நிமிஷ வேலை. ஆக்கினன், பச்சை வந்தது, முழுத் தலையும் போச்சுது. எல்லாமா இருபத்திரண்டு நிமிஷம். டொக்டர் பார்த்த உடனை, உள்ளுக்கை இரத்தம் கசியுது, உடனை பெரியாசுப்பத்திரிக்கு ஏத்துங்கோ எண்டு போனிலை கத்தினது பக்கத்து அறையிலை எனக்கே கேட்டுது.

ஆளைப் பிழைக்கப்பண்ணிப்போட்டினம். ஆனா இடது கை பழையபடி எழும்பேல்லை. இரண்டு கிழமை பொறுத்து, பிழை என்னிலைதான் எண்டு டொக்டரிட்டைப் போய்ச் சொன்னன். அந்த இருபத்திரண்டு நிமிஷம் இல்லாட்டி அந்தக் கை எழும்பியிருக்குமோ எண்டும் கேட்டன். அவர் சொன்னார்: "தெரியாது, மிஸ். இனி ஒருத்தருக்கும் தெரியவராது."

விளைமீன்

போன மாசம் பருத்தித்துறைக்கு ஒரு வயர் மாத்தப் போயிருந்தன். அந்த மனுசன் திருப்பிக் காட்டுறதுக்கு மனிசியோடை வந்திருந்தார். இடது கையை மடியிலை வைச்சு, மற்றக் கையாலை பிடிச்சபடி வாங்கிலை இருந்தார். எனக்கு அப்பிடியே பின் கதவாலை போயிடலாம் போலை இருந்தது. கிறேஸ் அக்கா விடேல்லை. "இவதான் லைன் பாக்கிற தங்கச்சி" எண்டு மனிசிக்குக் காட்டிப்போட்டா. மனிசி எழும்பி வந்தா, கையிலை ஒரு சொப்பிங் பை, அதுக்குள்ளை இரண்டு விளைமீன். விடியக் கரைக்கு வந்தது எண்டு சொல்லி நீட்டினா.

எனக்கு அந்தப் பையைத் தொட ஏலேல்லை. வாங்கிப்போட்டுப் பேசாமல் வந்திருக்கலாம், உங்களிலை கனபேர் அதைத்தான் செய்திருப்பியள், நானும் ஒரு கணம் அதைத்தான் நினைச்சன். ஆனா அந்த மடியிலை கிடந்த கையைப் பார்த்துப்போட்டன். "அக்கா, அண்டைக்கு லைனைச் சரியாக்கினதும் நான்தான், விழுத்தினதும் நான்தான்" எண்டு சொன்னன். சொல்லி முடிக்க முதலே அழுகை வந்திட்டுது. அவவின்ரை முகத்திலை ஒரு மாற்றமும் இல்லை. பையை இன்னும் நீட்டினபடிதான் நிண்டா. "தெரியும் பிள்ளை, கிறேஸ் அக்கா முதலே சொல்லிப்போட்டா. நான் உங்களை மன்னிச்சனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியேல்லை, ஆனா மீனை இப்ப வாங்குங்கோ, வெய்யிலுக்குக் கெட்டுப்போம்."

இப்பவும் நான் பயந்து பயந்துதான் வேலை செய்யிறன், ஒரேயொரு வித்தியாசம், எல்லாம் பச்சையா வந்தாப் பிறகு இன்னும் ஒருக்காப் பயந்துபோட்டுத்தான் தேத்தண்ணிக்கு எழும்புறன்.