பெயர் போட்ட தீர்மானங்கள்

நேற்றுக் காலை எங்கள் சபையிலிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. வருகிற ஆண்டுக்கான இலக்குகளாம்; மொத்தம் பதினொன்று. ஜெபத்தில் வளர்வோம், அன்பில் பெருகுவோம், இளையோரை எழுப்புவோம் என்று எல்லாம் வாசிக்க நன்றாய்த்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் தேடினேன். இதையெல்லாம் யார் செய்வது என்று ஒரு பெயர்கூட இல்லை.

நான் திருகோணமலையில் இருந்த காலத்தில் இதற்குத் தீர்மானம் என்றுதான் பெயர். தை மாத இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எவரும் வீட்டுக்குப் போக ஏலாது. கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்குச் செய்த கேக்கின் கடைசித் துண்டுகளும் பிளேன்டீயும் வரும். கதிரைகளை வட்டமாகப் போட்டு இருப்போம். ஒரேயொரு சட்டம்: எவர் வாய் திறந்து ஒரு தீர்மானத்தைச் சொல்கிறாரோ, அதைச் செய்து முடிப்பது அவர் தலையில். வருடத்தின் கடைசி ஞாயிறன்று சபை முன் எழும்பி "முடிஞ்சுது" அல்லது "முடியேல்ல" என்று சொல்லவும் வேண்டும். அதனால் எங்கள் சபையில் பேச்சாளர்கள் குறைவு. எல்லோரும் கேக்கை மென்றபடி கூரையைப் பார்ப்பார்கள்.

யன்னல்களுக்குப் பூச்சு அடிக்கிறேன் என்று ஒருமுறை ஒருவர் மாட்டிக்கொண்டார். துறைமுகத்தில் வேலை செய்தவர். வாளியில் வந்தது கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் நிறப் பூச்சு. எங்கிருந்து வந்தது என்று கேட்க எவருக்கும் மனம் வரவில்லை. பல வருடம் எங்கள் தேவாலயம் கடற்படைக்குச் சொந்தமானது போலவே நின்றது. அந்தப் பூச்சு மணம் எங்கே அடித்தாலும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும். துறைமுக இழுவைப் படகில் வேலை செய்த அவருடைய உடுப்பிலும் அதே மணம்.

தேவாலய மணியை அடிப்பவரும் அப்பாதான், சம்பளமில்லாமல். சனிக்கிழமை மத்தியானம் துறைமுகச் சங்கு ஊதும்போது தன் மணிக்கூட்டைச் சரி பார்த்து வைப்பார். ஞாயிறு அதைப் பார்த்துத்தான் கயிற்றை இழுப்பார். புதிதாக வந்த போதகர் ஒருநாள் சபையார் முன்னால் தன் கைமணிக்கூட்டைத் தட்டிக் காட்டி, "அண்ணை, மணி அஞ்சு நிமிசம் பிந்திப் போச்சு" என்றார்.

"கப்பலெல்லாம் இந்த நேரத்துக்குத்தான் வந்து போகுது. உங்களுக்கு மட்டும் சரியில்லையோ?" என்று கேட்டுவிட்டு நடந்தவர்தான் அப்பா. இரண்டு வருடம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

எனக்குக் கலியாணம் பேசி முடிந்தது அந்த நேரம் பார்த்துத்தான். மாப்பிள்ளை மட்டக்களப்பு; ஆவணியில் கலியாணம். "வாசல் மட்டும் கூட்டிக்கொண்டு வாறன் பிள்ளை. உள்ளுக்கு வரமாட்டன்" என்றார் அப்பா. உள்ளே நான் யார் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது? பெரியப்பா இருந்தார், நல்ல மனிதர். ஆனால் எனக்கு என் அப்பா வேண்டும். அழுது பார்த்தேன். சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தேன். பசித்தது எனக்குத்தான், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வருடம் நான்தான் சபைச் செயலாளர். கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்ததால் கிடைத்த பெருமை அது. தைக் கூட்டத்தில் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழும்பி, "வராமல் நிக்கிறவையை இந்த வருசம் திரும்பக் கூட்டிக்கொண்டு வரவேணும்" என்றேன். பாட்டுக்குழு எஸ்தர் அக்கா உடனே, "வராமல் நிக்கிறது ஒராள்தானே. பேரைச் சொல்லன் பிள்ளை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தோடு என் பெயரை எழுதிக்கொண்டேன். அடுத்ததாகப் போதகர், ஆராதனையை நேரத்துக்குத் தொடங்க வேண்டும் என்றார். அதற்கு நேரே அவர் பெயர்.

எங்கள் சபையார் நல்லவர்கள். அங்கேதான் பிழை வந்தது. எனக்கு உதவி செய்வதாய் நினைத்து ஞாயிறு தோறும் பின்னேரம் இரண்டு பேர் மூன்று பேராக வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு "வாருங்கோவன் அண்ணை." பங்குனி முடிவதற்குள் முழுச் சபையும் வந்து போய்விட்டது, எஸ்தர் அக்கா மூன்று தரம். படலை திறக்கும் சத்தம் கேட்டாலே அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வேலியால் கடற்கரைக்குப் போய்விடுவார். "உன்ர தீர்மானத்தால ஞாயிற்றுக்கிழமை நித்திரையும் போச்சு" என்று என்னைத் திட்டினார்.

ஆடியில், கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்க, போதகர் தனியாக வந்தார். கையில் வேதப்புத்தகம் இல்லை. கதிரை நுனியில் இருந்து, "என்ர தீர்மானம் சரிவரேல்ல அண்ணை" என்று தொடங்கினார். "மணி அடிக்க ஆளில்லை. சனம் நினைச்ச நினைச்ச நேரத்துக்கு வருது. வருசக் கடைசியில நான் எழும்பி முடியேல்ல எண்டு சொல்லவேணும்." குனிந்தபடி சொன்னார்: "அதுக்கடுத்த சனிக்கிழமையே துறைமுகச் சங்கைக் கேட்டுப் பாத்தனான். என்ர மணிக்கூடுதான் முந்தி ஓடினது. சொல்ல வெக்கமாய் இருந்தது."

"ரெண்டு வருசமோ இதைப் பொத்தி வைச்சிருந்தனீங்கள்?" என்றார் அப்பா. பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "போதகருக்குத் தேத்தண்ணி போடு பிள்ளை" என்றார்.

அடுத்த ஞாயிறு நான் சேலை உடுத்திக்கொண்டிருக்க மணி கேட்டது. அப்படியே நிலத்தில் இருந்து அழுதேன். கலியாணத்தன்றும் கயிற்றை வேறொருவர் தொட அவர் விடவில்லை. மணப்பெண் வாசலில் காத்து நிற்க, கோட்டும் சூட்டுமாய் மணியை அடித்து முடித்து, வேர்த்து விறுவிறுக்க வந்து கையைத் தந்தார். சந்தோசத்தில் நான் முகத்திரைக்குள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நடந்தேனாம்.

நத்தாருக்கு மட்டக்களப்பிலிருந்து ஊர் வந்தபோது கடைசி ஞாயிறன்று எழும்பி, "முடிஞ்சுது" என்றேன். அப்பா பின்வரிசை வாங்கிலிருந்து, "அதைப் போதகரின்ர பேரில போடுங்கோ, இவ ஆளனுப்பி என்னை ஓட வைச்சதுதான்" என்றார். சபை சிரித்து அடங்கக் கனநேரம் ஆனது.

சபையில் ஒருநாளும் தீர்மானம் சொல்லாத அப்பா, அடுத்து வந்த தையில் எழும்பினாராம். எஸ்தர் அக்கா எழுதியிருந்தார். "மகளுக்கு மாசம் ஒரு கடிதம் போடுவன்." அது சபைக் காரியமில்லையே என்று ஒருவர் சொல்ல, "அவளும் இந்தச் சபைப் பிள்ளைதானே" என்றாராம்.

கடிதங்கள் வந்தன. எந்தக் கப்பல் வந்தது, மழை பெய்ததா, என்ன மீன் பட்டது என்று நாலு வரி. பன்னிரண்டாவதில் மட்டும் ஒரு வரி கூடுதல்: "தீர்மானம் நிறைவேறியது. இனி எழுதக் கட்டாயம் இல்லை." இனி வராது என்று நினைத்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். தை பிறந்தது, பதின்மூன்றாவது கடிதம் வந்தது. அப்பா இருந்தவரை ஒரு மாதமும் தவறவில்லை.

மட்டக்களப்பில் சூறாவளி அடித்தபோது பிள்ளைகளை அணைத்துக்கொண்டு மேசைக்குக் கீழே இருந்தோம். அடங்கிய பிறகு பார்த்தால் கூரையும் இல்லை, கடிதங்கள் வைத்திருந்த தகரப் பெட்டியும் இல்லை. அப்பாவின் ஒன்பது வருடக் கடிதங்கள் அதில் இருந்தன. கட்டாயத்துக்கு எழுதியது அவற்றில் ஒரு வருடத்துக் கடிதங்கள்தான்.