தைவான் மைனா

பசிபிக் கடலிலுள்ள எங்கள் ரோட்டாத் தீவில் கரிச்சானுக்குத் தைவான் மைனா என்று பேர். எந்த மகராசன் வைத்தானோ, நாங்கள் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறோம். காக்கையைக் காக்கை என்றுதான் சொல்லுவோம், அதுவும் குரலைத் தாழ்த்தி. இங்குள்ள காக்கைகள் அழியும் நிலையில் இருக்கின்றன. ஒன்று கூடு கட்டிவிட்டால் அந்த மனையில் ஒரு கிளையைக்கூட ஒடிக்க வனத்துறையினர் விடமாட்டார்கள்.

புயல் வீட்டைக் கொண்டுபோன பிறகு எங்கிராசியா தைசாகன் என்பவள் ஒரு கூடாரத்தில்தான் குடியிருந்தாள். புருஷன் நாசியோ நெஞ்சுச் சளியோடு அந்த ஈரத் தரையிலேயே கிடந்தான். மழைக்காலத்துக்குள் கூரை போடாவிட்டால் ஆளைப் பறிகொடுக்க வேண்டியதுதான். நாயாய் அலைந்து ஒரு மனை வாங்கினாள். அதன் நட்டநடுவே ஆலமரம், உச்சியில் காக்கைக் கூடு.

மரம் வெட்டுமுன் பார்வையிட வந்த வனத்துறை ஹோவாகின் அண்ணாந்து பார்த்தான். இலைகள் மறைத்தன.

“மேல என்ன பறவைக்கா?”

“தைவான் மைனா.”

அவன் சிரித்தான். “பேர் வச்ச லட்சணத்தப் பாருங்க. அதுக்கும் மைனாவுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. காக்காவுக்குத்தான் அது தூரத்துச் சொந்தம். ஆஸ்திரேலியாப் பக்கம் பிரிஞ்சுபோன ஒரே வம்சம்.”

“சொந்தம்னா அதுங்க விருந்து வச்சிக்கட்டும். நான் வீடு கட்டணும்.”

“சரி, வெட்டுங்க.”

அவளுடைய கொழுந்தன் கிகோ ரம்பத்தைத் தூக்கியவன் அப்படியே நின்றான். “அண்ணி, மூத்தவங்ககிட்ட கேளுங்க.”

ஆலமரத்தில் எங்கள் முன்னோர் குடியிருக்கிறார்கள். கேட்காமல் அதன் நிழலில் ஒன்றுக்குக்கூடப் போகமாட்டோம். எதை எடுக்கிறோமோ அதைப் பேர் சொல்லிக் கேட்க வேண்டும்; தவறினால் முகம் வீங்கும், வீட்டிலுள்ளவர்க்கு நோய் வரும்.

“நீயே கேளேன்.”

“மனை உங்களுது. நான் கேட்டு என் மூஞ்சி வீங்கவா?”

எங்கிராசியா மரத்தடிக்குப் போனாள். அதிகாரியிடம் எதையும் சொல்லிவிடலாம். செத்தவர்களிடம் பொய் சொன்னால் அவர்கள் முதலில் கை வைப்பது நாசியோவின் மேல்தான்.

“மூத்தவங்களே, உங்க வீட்டுப் பொண்ணு வந்திருக்கேன். தங்க இடமில்ல. இந்த மரத்தையும், இதுமேல இருக்கிற…” அண்ணாந்து கூட்டைப் பார்த்தாள். “…காக்காவையும் எடுத்துக்கிறோம். மன்னிச்சிருங்க.”

கிகோ ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டான். ஹோவாகின் மரத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவே வந்து நின்றான்.

“என் காதுல விழுந்துருச்சேக்கா. இனி நான் என்ன செய்ய?”

“அந்த நேரம் பாத்து உனக்கு ஏன்டா காது கேட்டுச்சு?” என்றாள். கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

கூடாரத்துக்குத் திரும்பியபோது தூறல் போட ஆரம்பித்திருந்தது. நாசியோ கண் திறந்தான்.

“மரம் விழுந்த சத்தம் கேக்கலியே?”

அவன் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள்.

“நாளைக்கு விழும்” என்றாள்.