ஒருத்திக்கு எவ்வளவு அரிசி

பதினெட்டு வயது முடிந்து அனாதை விடுதியை விட்டு வெளியே வரும் பெண்ணுக்கு ஒரு பெட்டி கொடுப்பார்கள், ஒரு போர்வை கொடுப்பார்கள், தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணுவார்கள். எனக்கும் கிடைத்தது. அந்த ஆசீர்வாதத்தை வைத்துக்கொண்டு மந்தைவெளியில் வீடு கேட்டுப் பாருங்கள், தெரியும். அப்பா அம்மாவைக் கூட்டி வா என்பதுதான் முதல் பேச்சு. இருந்தால் நான் ஏனப்பா உன் வாசலில் வந்து நிற்கிறேன்?

நான் வெளியே வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். சாந்தோமில் நான் வளர்ந்த அதே விடுதியிலிருந்து யார் வெளியே வந்தாலும் வீடு தேட நான்தான் கூடப் போவேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், வீட்டுக்காரர்களிடம் பேச நான் லாயக்கில்லை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் வெளியே வந்தவளுக்குத் தி.நகர் துணிக்கடை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அலையாய் அலைந்து, கடைசியில் மந்தைவெளியில் ஒரு மொட்டைமாடி அறை அமைந்தது. வீட்டுக்கார அம்மாள் கீழே குடியிருந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. இவள் விடுதியில் வளர்ந்தவள், ஏதாவது என்றால் என்னைக் கேளுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒருத்தி மட்டும்தான் இருக்க வேண்டும், வேறு யாரும் வந்து தங்கக் கூடாது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். படியேறும்போதே சாம்பார் வாசனை ஆளைத் தூக்கியது. உள்ளே போனால், அறை நடுவில் ஒரு பெரிய குண்டான், அது நிறையச் சோறு. யார் யாரைக் கூப்பிட்டிருக்கிறாய் என்று கேட்டேன். என்னை மட்டும்தானாம். சொல்லும்போதே அவள் முகம் சுருங்கிப்போயிருந்தது.

நான் உட்காரக்கூட இல்லை, வீட்டுக்கார அம்மாள் மேலே வந்துவிட்டார். இத்தனை சோறு யாருக்கு, எத்தனை பேரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார். யாரும் இல்லை என்றதை நம்பாமல் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார். அப்புறம் மாதக் கடைசியில் காலி பண்ணிவிடு என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யாரும் இல்ல ஆன்ட்டி. ஹாஸ்டல்ல மொத்த பேருக்கும் சேர்த்துதான் வடிப்போம். ஒருத்திக்கு எவ்ளோ அரிசி போடணும்னு எனக்குத் தெரியாது."

நான் வெளியே வந்த புதிதிலும் இதே கதைதான். மிஞ்சிய சோற்றைக் கொட்டக் கை வராது. அழுதுகொண்டே கொட்டியிருக்கிறேன். பேங்க்கில் கணக்குத் தொடங்கச் சொல்லித் தந்தார்கள், கம்ப்யூட்டர் சொல்லித் தந்தார்கள், இதைச் சொல்லித் தர ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் தடுமாறினார். ஆனாலும் வீம்பை விடவில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியாது, காலி பண்ணு என்றார்.

"பண்ண மாட்டேன் ஆன்ட்டி. பதினெட்டு வயசாயிடுச்சுன்னு ஒரு வீட்ட காலி பண்ணிட்டு வந்துகீறேன். அது என் தப்பு இல்ல. இதுவும் என் தப்பு இல்ல. வாடகை குடுக்குறேன், இங்கதான் இருப்பேன்."

அவள் குரல் ஏறவும் இல்லை, நடுங்கவும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன், அதிசயம்தான். அந்த அம்மாள் படியிறங்கினார். பாதியில் நின்று, இத்தனை சோற்றையும் என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் கேட்டார். சாப்பிட ஆள் இருக்கிறது என்றாள் இவள்.

உடனே போனை எடுத்தோம். எங்கள் விடுதியிலிருந்து வெளியே வந்து அடையாறிலும் மயிலாப்பூரிலும் இருக்கிறவர்கள், இதே சோற்றை இதே அளவில் வடித்து வளர்ந்தவர்கள், ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். சத்தம் போடாமல் ஏறி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தாள் ஒருத்தி. வெளியே விடு என்றேன். எல்லாச் செருப்பையும் படியோரம் வரிசையாக, கீழேயிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி விட்டோம். யாரும் தங்க வரவில்லை, சாப்பிட வந்திருக்கிறோம். எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

மாதக் கடைசி வந்தது. வீட்டுக்கார அம்மாள் வாடகையை வாங்கிக்கொண்டார், காலி பண்ணுகிற பேச்சை எடுக்கவில்லை. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி என்று நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன், வாரம் முழுக்க அவள் அப்படித்தான் வடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் குண்டான்தான் அடுப்பில் ஏறும்.